சிறு மான்யமும் விஞ்ஞான ஆசிரியைகளும்

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கத்தில் நாம் ஒரு தலையங்கம் எழுதினோம். விஞ்ஞான ஆராய்ச்சிக்காக ஸ்திரீகளுக்கென்று பிரத்தியேக மான்யம் ஒதுக்குவது அவசியமில்லை என்றும், திறமைக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்றும், தனி ஒதுக்கீடு அதைப் பெறுகிறவர்களுக்கே கௌரவக் குறைவு என்றும் அதில் வாதித்திருந்தோம். வாதம் அழகாகவே இருந்தது. நேயர்கள் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்த அபிப்பிராயம் தவறு என்று இப்போது நாம் கருதுகிறோம். தவறு என்று தெரிந்த பிறகும் மௌனமாக இருப்பது பத்திரிகைத் தொழிலுக்கு அடுக்காது. ஆகவே அதை வாபஸ் பெறுவதுடன், அப்படிச் செய்யத் தூண்டிய காரணங்களையும் நேயர்கள் முன் வைத்துவிட விரும்புகிறோம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நமது காரியாலயத்துக்கு ஓர் அம்மையார் வந்தார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே சாலையின் இருமருங்கிலும் முளைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் ரசாயனம் போதிக்கும் உதவிப் பேராசிரியை அவர். வாசம் அம்பத்தூரில். அவர் கையில் நமது அந்தத் தலையங்கத்தின் நறுக்கு இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தோம். அவர் சண்டை போடவில்லை. “ஐயா, தாங்கள் எழுதியது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் என் கணக்கையும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்” என்று சொல்லி, மடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார். வக்கீல் தொழில் பார்த்தவனுக்குக் கணக்குத் தாளைக் கண்டால் படிக்காமல் விட மனம் வராது. படித்தோம்.

ஒரு கணக்குத் தாள்

அம்பத்தூரில் சிறிதும் பெரிதுமாக மின்முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவு நீரில் குரோமியம் கலந்து வருகிறது. அதன் ஒரு வகை கொடிய விஷம், புற்றுநோய்க்கும் காரணமாவது. இந்த விஷத்தைத் தேங்காய் ஓட்டுக் கரியைப் பக்குவப்படுத்தி, அதைக் கொண்டு மலிவாக உறிஞ்சி எடுக்க முடியுமா என்பது அம்மையாரின் ஆராய்ச்சி. பெரிய ஆலைகள் பெரிய யந்திரம் வைத்துக்கொள்ளும். நான்கு தொட்டியும் ஆறு ஆட்களும் வைத்துப் பிழைக்கும் பட்டறைக்காரன் என்ன செய்வான் என்ற கேள்வியிலிருந்து பிறந்த வேலை இது. தேசத்துக்கு உபயோகமான ஆராய்ச்சி எது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை உதாரணமாகக் காட்டலாம்.

இந்த ஆராய்ச்சிக்காக அவர் முதலில் டில்லியில் ஒரு ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் போட்டார். கேட்ட தொகை பல லட்சம். பூர்வாங்க முடிவுகள் போதாது என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. பூர்வாங்க முடிவுகளைப் பெறுவதற்கே பணம் வேண்டும். பணம் பெறுவதற்குப் பூர்வாங்க முடிவுகள் வேண்டும். நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது போன்ற நிபந்தனை. இரண்டு வருஷம் இப்படியே கழிந்தது.

பிறகு அவருடைய கல்லூரி நிர்வாகமே ‘விதைப் பணம்’ என்ற பெயரில் 75,000 ரூபாய் கொடுத்தது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கும் தேசிய ஸ்தாபனம், ஆசிரியர்களுக்கு இப்படி ஆரம்பத் தொகை கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்டு அதற்கு மார்க்குப் போடுகிறது. நிர்வாகம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எதனால் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். அந்தப் பணம் செலவான விதம் தாளில் இருந்தது. ரசாயனப் பொருட்களுக்கு 22,000. கண்ணாடிச் சாமான்களுக்கும், நீரின் அமிலத்தன்மையை அளக்கும் கருவி ஒன்றுக்கும் 16,000. வெளி ஆராய்ச்சிச்சாலையில் மாதிரிகளைச் சோதிப்பதற்கு 31,000. கல்லூரியில் அந்த யந்திரம் கிடையாது. பிரயாணச் செலவு 6,000. மொத்தம் சரியாக 75,000. காசு பிசகவில்லை. இதில் கிடைத்தவை இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள், மறுபடி டில்லிக்கு அனுப்பத் தகுந்த பூர்வாங்க முடிவுகள், இரண்டு மாணவிகளின் பட்டப் படிப்புக்கான செய்முறை வேலை. இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

தாளின் அடியில், கோட்டுக்குக் கீழே, பென்ஸிலால் எழுதிய ஒரு வரி இருந்தது: மாதம் 4,000. அது என்ன என்று கேட்டோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை மாலை 7 மணி வரை வைத்துக்கொள்ளும் அடுத்த வீட்டு அம்மாளுக்குக் கொடுப்பது என்றார். மான்ய விதிகளில் அதற்கு இடமில்லை; சம்பளத்திலிருந்து கொடுத்தாராம். “அந்த வரி இல்லாவிட்டால் மேலே உள்ள எந்த வரியும் இல்லை, ஐயா” என்று அவர் சொன்னபோது நம்மிடம் பதில் இருக்கவில்லை.

இங்கேதான் நமது பழைய தலையங்கம் தவறிற்று. திறமைக்குப் பால் வித்தியாசம் இல்லை என்றோம். அதை இன்றும் சொல்லுகிறோம். ஆனால் காலத்துக்கு இருக்கிறது. விஞ்ஞானத்தில் ஒருவர் தம் பெயரை நிலைநாட்டும் வயது சுமார் 27-லிருந்து 40 வரை. கல்யாணமாகி ஊர் மாறுவதும், பிரசவமும், குழந்தை வளர்ப்பும், மாமனார் மாமியாருக்குச் சிசுருஷை செய்வதும் நமது குடும்பங்களில் பெண்ணுக்கு விழுவது அதே வயதில். ஆணுக்கும் குழந்தை பிறக்கிறது. ஆனால் அவர் மாலையில் ஆராய்ச்சிச்சாலையில் இருந்தால், ‘பாவம், உழைக்கிறார்’ என்கிறோம். அவர் மனைவி இருந்தால், ‘வீட்டைக் கவனிக்க மாட்டாளா’ என்கிறோம். இதைச் சொல்லுகிறவர்கள் அந்நியர் அல்லர். நாமும் நமது நேயர்களுமே. நமது வீட்டு வழக்கத்தினால் ஒரு பாரத்தை ஒரு தோளில் ஏற்றிவிட்டு, ஓட்டப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கோடு என்று பெருமையடித்துக்கொள்வது நியாயமாகாது.

மதுரவாயலில் வாழ்ந்த மாது

பெண்களுக்கென்று தனியே உபகாரச் சம்பளம் கொடுத்தால் அவர்களுக்கு அகௌரவம் என்ற வாதத்துக்கு, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே பதில் இருக்கிறது. மதுரவாயல் வழியாகத் தினந்தோறும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். மேம்பாலமும் புறவழிச்சாலையும் எல்லோருக்கும் தெரியும். அங்கே சென்னை சர்வகலாசாலையின் தாவரவியல் உயராய்வு நிலையத்துக்குச் சேர்ந்த வயல்வெளி ஆராய்ச்சிச்சாலையில், உலகம் அறிந்த விஞ்ஞானி ஒருவர் தமது கடைசி வருஷங்களைக் கழித்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தாம் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள். 1970-ல் சென்னைக்கு வந்து, 73-வது வயதில் ஓய்வு எடுத்துக்கொள்வதற்குப் பதிலாகச் செடிகளின் நடுவே வேலையை மறுபடி தொடங்கி, 1984 பிப்ரவரியில் காலமாகும் வரை அதே வேலையில் இருந்தார். அவரைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்த அம்மையார், சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியிலும் பிறகு ராஜதானிக் கல்லூரியிலும் படித்து, 1921-ல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்தார். வழக்கமாக அதோடு கதை முடிந்திருக்கும். நல்ல ஆசிரியை, மாணவிகளின் பிரியத்துக்குரியவர், இன்ன வருஷம் ஓய்வு பெற்றார் என்று கல்லூரி மலரில் நான்கு வரி வந்திருக்கும். அப்படி முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு மான்யம். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் நிர்வாகக் குழுவில் இருந்த லெவி பார்பர் என்ற கனவான், கிழக்கு நாடுகளிலிருந்து வரும் பெண்களுக்கென்றே 1917-ல் ஓர் உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தியிருந்தார். (அவரும் ஒரு வக்கீல் என்பதை நமது தொழில் சகோதரர்கள் கவனிப்பார்களாக.) ஆசியாவில் யாத்திரை செய்தபோது, மிச்சிகனில் வைத்தியம் படித்துவிட்டுத் தங்கள் தேசம் திரும்பிய பெண்கள் செய்துவந்த சேவையைக் கண்டதன் விளைவு அது. ஜானகி அம்மாள் அந்த உதவியைப் பெற்றுக் கப்பலேறினார். 1925-ல் முதுகலைப் பட்டத்தோடு திரும்பி வந்து, பழையபடி பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மறுபடியும் பார்பர் உதவியோடு மிச்சிகன் போய், 1931-ல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றார்.

இங்கே நேயர்கள் கவனிக்க வேண்டியது, அவர் மாணவியாக மட்டும் அந்த உதவியைப் பெறவில்லை என்பது. அவர் ஆசிரியை. வேலையில் இருந்த ஆசிரியை ஒருவருக்கு, நடுவில் இரண்டு தரம், தக்க சமயத்தில் கிடைத்த உதவி அது. அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பேராசிரியை. 1934-லிருந்து 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் மற்றப் புல் இனங்களோடும் கலப்புச் செய்த வேலை. ஸர் சி. வி. ராமன் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞான அகாடெமிக்கு 1935-ல் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். யுத்த காலத்தில் லண்டனில் இருந்துகொண்டு டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோஸோம்களைத் தொகுத்த பெருநூலை 1945-ல் வெளியிட்டார். 1951-ல் பண்டித நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைப் புனருத்தாரணம் செய்யும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ. முதுமையிலும் மௌனப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றும் கிளர்ச்சியில் அவர் குரல் இருந்தது.

பெண்களுக்கென்று ஒதுக்கிய பணத்தில் படித்தவர் என்பதற்காக அவரை யாராவது குறைவாக மதித்தார்களா? கோயம்புத்தூரில் அவருக்கு இழைக்கப்பட்ட துன்பங்கள் வேறு காரணங்களால் வந்தவை: அவர் பெண், மணமாகாதவர், உயர்ந்தவை என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஜாதிகளைச் சேராதவர். மான்யம் அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. மனிதர்கள் செய்ய முயன்றார்கள்; பலிக்கவில்லை.

பணம் மாத்திரம் போதும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. ராமனின் ஆராய்ச்சிச்சாலையில் வைரங்களையும் மாணிக்கங்களையும் பற்றித் தனியாக ஐந்து கட்டுரைகள் எழுதிய அன்னா மாணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1945-ல் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பினார். தேசத்தின் வானிலைக் கருவித் துறையையே அமைத்துக் கொடுத்தார். டாக்டர் பட்டம் கடைசிவரை வரவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-ல் மின்சாரப் பொறியியல் தேறிய லலிதா அம்மையாரின் கதையும் ஞாபகத்துக்கு வருகிறது. 18 வயதில் கைம்பெண்ணாகி, கையில் நான்கு மாதக் குழந்தையோடு நின்றவர். சான்றிதழில் ஆண்பாலாக அச்சிட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது; அப்படி ஒருவர் வருவார் என்று அச்சுக்கூடம் எதிர்பார்க்கவில்லை போலும். பிற்காலத்தில் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் அவர் வேலை செய்ய முடிந்ததற்குக் காரணம், அங்கே சகோதரர் வீட்டில் தங்கியிருந்ததும், குழந்தையைச் சகோதரரின் மனைவி பார்த்துக்கொண்டதும். நமது அம்பத்தூர் அம்மையார் பென்ஸிலால் எழுதிய வரி அப்போதும் இருந்தது. உறவினர் வீட்டுக் கணக்கில் இருந்தது, அவ்வளவே.

டில்லித் திட்டங்கள்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அபவாதம். மத்திய விஞ்ஞான தொழில்நுட்ப இலாகா, குடும்பக் காரணங்களால் ஆராய்ச்சியை விட்டுவிட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்று 2002-ஆம் வருஷ வாக்கில் ஒரு திட்டம் தொடங்கிற்று. உயிரியல் தொழில்நுட்ப இலாகா 2011-ல் மற்றொன்று. விஞ்ஞான பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2020 அக்டோபரில் தொடங்கிய ‘பவர்’ திட்டம், வேலையில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களை நினைவில் வைத்தது. பெரிய தேசிய ஸ்தாபனங்களில் இருப்பவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு 60 லட்சம் வரையிலும், ராஜ்ய சர்வகலாசாலைகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இருப்பவர்களுக்கு 30 லட்சம் வரையிலும் கொடுப்பதாக அதில் வகுத்தார்கள். அந்த வாரியமே 2024-ல் அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் கலந்துவிட்டது.

இவை நல்ல திட்டங்கள். ஆயினும் இவற்றின் வலைக் கண்கள் பெரியவை. வேலையை விட்டவர்களுக்கு ஒரு திட்டம். ஏற்கெனவே ஆராய்ச்சியில் வேரூன்றியவர்களுக்கு மற்றொரு திட்டம். நடுவில் இருக்கிறவர் யார்? வேலையையும் விடாமல், வேரும் ஊன்றாமல், வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் கல்லூரியின் தரச் சான்றிதழுக்கு வேண்டிய கோப்புகளை அடுக்கிக்கொண்டும், கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க்கொண்டும் இருக்கிற தனியார் கல்லூரி ஆசிரியை. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, தண்டலம் வட்டாரம் முழுவதும் இப்படிப்பட்டவர்களால் நிறைந்திருக்கிறது. காலை 7 மணிக்கு அம்பத்தூர் சாலைகளில் கல்லூரிப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் பாருங்கள். புடவை மீது அடையாள அட்டையும், தோளில் பையும், கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நிற்கிறார்களே, அவர்களில் கணிசமானவர்கள் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். இவ்வளவு படிப்பையும் செலவழித்து உண்டாக்கிவிட்டு, வகுப்பு நடத்துவதற்கும் கோப்பு அடுக்குவதற்கும் மாத்திரம் உபயோகிக்கும் தேசம் வேறு எங்கும் இருக்குமா என்று சந்தேகமாயிருக்கிறது.

உயர்கல்வியைப் பற்றி மத்திய சர்க்கார் வெளியிட்ட 2021-22-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி, விஞ்ஞானப் பிரிவுகளில் சேர்ந்திருந்த 57.2 லட்சம் மாணவர்களில் 29.8 லட்சம் பேர் பெண்கள். பாதிக்கு மேல்! ஆராய்ச்சித் தொழிலில் நேரடியாக ஈடுபட்டிருந்தவர்களிலோ, 2018-ஆம் வருஷக் கணக்கின்படி, பெண்கள் நூற்றுக்கு 16.6 பேர். மிச்சப் பேர் எங்கே போனார்கள்? அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவது வழக்கம். நாமும் சொன்னவர்களே. இந்திய விஞ்ஞான அகாடெமியும் பெங்களூரில் உள்ள தேசிய உயராய்வு நிலையமும் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிற்று. டாக்டர் பட்டம் பெற்ற பெண்கள் ஆராய்ச்சியை விட்டதற்குக் குடும்பத்தைவிட, தகுந்த பதவி கிடைக்காமையே பெரிய காரணமாக அதில் தென்பட்டது. கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டதாக நினைத்தோம், வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது.

அந்த பென்ஸில் வரியைச் சர்க்கார் விதிகளில் எழுத முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு மேல்நாட்டில் வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் கிறிஸ்டியானே நூஸ்லைன் ஃபோல்ஹார்ட் என்ற அம்மையார் 1995-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஈயின் கரு எப்படி உருவெடுக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் 2004-ல் தம் பெயரால் ஒரு தர்மம் ஏற்படுத்தினார். குழந்தைகள் உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு, வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும், மாலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், துணி துவைக்கும் யந்திரம் போன்ற சாமான் வாங்கவும் மாதாமாதம் ஒரு சிறு தொகை. நுண்பெருக்காடி வாங்கக் கொடுப்பதில்லை! அது எப்படியும் ஆராய்ச்சிச்சாலையில் இருக்கும். அதன் முன்னே உட்காருவதற்கு நேரம் இல்லாததுதான் குறை என்று அறிந்தவர் அவர். தொகை சிறியது, கொடுத்தவரின் புத்தி பெரியது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் சமத்துவ உரிமைக்கு விரோதமாகாதா என்று நாமே முன்பு எழுதியிருந்தோம். சட்டம் படித்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது. அரசியல் சாசனத்தின் 15-வது ஷரத்து பால் வித்தியாசம் காட்டுவதைத் தடுக்கிறது. அதன் 3-வது உட்பிரிவோ, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ராஜ்யம் விசேஷ ஏற்பாடு செய்வதை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று தெளிவாகச் சொல்லுகிறது. அது ராஜ்யத்தைப் பற்றியது. தனிப்பட்ட தர்மவான் தம் சொந்தப் பணத்தை யாருக்குக் கொடுக்கிறார் என்று எந்தக் கோர்ட்டும் கேட்காது.

கம்பெனிச் சட்டத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. 2013-ஆம் வருஷச் சட்டத்தின் 135-வது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது வியாபாரம் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாத கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் ஸ்திரீகளின் முன்னேற்றமும் அந்தக் காரியங்களில் சேர்ந்தவை. அம்பத்தூர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் வருவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது தடை என்று அர்த்தமாகாது. அம்பத்தூரில் கோவில் கும்பாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் சட்டம் பார்த்தா கொடுக்கிறார்கள்?

அம்பத்தூர்த் தொழிலதிபர்களுக்கு

இந்த வட்டாரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி இன்று பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். அதற்குப் பின் 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. இந்தியாவில் செய்த டாங்கி 1965-ல் அங்கிருந்து வெளிவந்தது. ‘அர்ஜுன்’ டாங்கியை வகுத்த ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனமும் அங்கேதான். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடர்ந்து தொழிற்பேட்டை வளர்ந்தது. திருமுல்லைவாயிலில் மகளிருக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. பெண் ஒருத்தி பட்டறை வைத்தால் அதற்குத் தனி இடம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட வட்டாரம், அவள் அந்தப் பட்டறையின் கழிவு நீரைச் சுத்தி செய்ய ஆராய்ச்சி பண்ணினால் அதற்குச் சிறு தொகை கொடுக்கலாம் என்பதை மறுக்க முடியாது.

ஒரு பக்கம் விடை தேடும் பட்டறைகள். 10 மைல் தூரத்துக்குள் கேள்வி தேடும் ஆராய்ச்சியாளர்கள். இரண்டு பேரும் ஒரே சாலையில் போகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. வார்ப்படத்தில் குமிழ் விழுகிறது, முலாம் உரிகிறது, உலைக்கு எரிபொருள் அதிகமாகிறது என்று தொழிலதிபர்கள் நம்மிடம் வந்து புலம்புகிறார்கள். பத்திரிகாசிரியனிடம் புலம்பி என்ன பிரயோஜனம்? 75,000 ரூபாய்க்கு அந்த அம்மையார் செய்ததைப் பார்த்த பிறகு, அவர்கள் புலம்ப வேண்டிய இடம் வேறு என்று சொல்லுகிறோம்.

நமது யோசனை இது. ஒரு பங்குக்கு 1 லட்சம் ரூபாயாக, வருஷத்துக்கு 25 பங்குகள் சேர்க்க வேண்டும். இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் விஞ்ஞானமும் பொறியியலும் போதிக்கும் ஆசிரியைகள் 25 பேருக்கு, ஆளுக்கு ஒரு பங்கு. விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பரீட்சிப்பவர்கள் மூன்று பேர். ஒருவராவது சர்க்கார் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். நன்கொடையாளர் யாரும் அதில் இருக்கக்கூடாது. பூர்வாங்க முடிவு கேட்கக்கூடாது, ஏனென்றால் அதற்காகத்தான் பணமே. தொகை ஒரே தவணையில் போய்ச் சேர வேண்டும். முதல் தவணைக்குக் கணக்குக் கொடுத்து, ஆடிட்டர் கையெழுத்து வாங்கி, இரண்டாம் தவணை வருவதற்குள் வருஷம் முடிந்துவிடுகிறது என்று ஆராய்ச்சி மான்யம் பெற்ற பலரும் சொல்லுகிறார்கள். ஆசிரியை ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போனால் மான்யமும் கூடவே போக வேண்டும். கல்லூரி அதிபர்களுக்கு இது ருசிக்காது. இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்க நாம் தயாராயில்லை. செலவுக் கணக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு என்று மையினால் எழுத ஒரு வரி இருக்க வேண்டும்.

கல்லூரி அதிபர்களிடம் பணம் கேட்கவில்லை. வாரத்தில் அரை நாள் கேட்கிறோம். மான்யம் பெற்ற ஆசிரியைக்கு அந்த அரை நாளில் வகுப்போ, கோப்போ, மேற்பார்வைக் கடமையோ கொடுக்கக்கூடாது. 2017-ல் திருத்திய மகப்பேற்றுச் சட்டம் 26 வாரச் சம்பள விடுமுறையும், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்று விதித்தது. எத்தனை கல்லூரி வளாகங்களில் தொட்டில் ஆடுகிறது என்று அதிபர்கள் தங்கள் கட்டிடங்களைத் தாங்களே ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண் ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சிப் பணம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அவர்களுக்கும் வேண்டும், அதற்கும் எழுதுவோம். இது அவர்கள் பங்கிலிருந்து எடுக்கும் பணம் அல்ல. இன்று யார் பங்கிலும் இல்லாத பணம்.

முதல் பங்கான 1 லட்சம் ரூபாயை நமது காரியாலயம் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய தலையங்கத்துக்குப் பிராயச்சித்தம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள், இருக்கட்டும். மீதி 24 பங்குகள் ஆனி மாதத்தில் கல்லூரிகள் திறப்பதற்குள் சேர வேண்டும். சேராவிட்டால் சேர்ந்த வரையில் கொடுத்துவிடுவோம், கணக்கும் இதே பக்கத்தில் வெளிவரும். அம்மையாரின் கணக்குத் தாளின் பிரதி ஒன்று, அவருடைய சம்மதத்துடனும் பெயரை மறைத்தும், நமது மேஜைமேல் இருக்கிறது. பார்க்க விரும்பும் தொழிலதிபர்கள் மாலை 4 மணிக்கு மேல் எந்த நாளிலும் வரலாம்.